கடையை விற்காமல் பிழைத்த கதை

தி.நகரில் பனகல் பார்க்கை ஒட்டிப் பிரியும் ஒரு சந்தில் எங்களுக்கு ஒரு மேட்சிங் சென்டர் இருக்கிறது. புடவையைக் கொண்டுவந்தால் அதற்குப் பொருந்தும் ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால் எல்லாம் எடுத்துத் தருவோம். என் மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்து, பிறகு சொந்தமாக வாங்கிய இடம். அவருக்குப் பின் என் கணவர் கல்லாவில் உட்கார்ந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் நான் வீட்டோடு இருந்து பார்த்தேன். சரிப்பட்டு வரவில்லை. மதியச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் கடைக்குப் போய், அப்படியே கவுண்டருக்குப் பின்னால் நின்றுவிட்டேன். என் கணவருக்குச் சிவப்பு, பச்சை, நீலம் இவ்வளவுதான் தெரியும். எனக்கு மாம்பழ மஞ்சளிலேயே எத்தனை வகை என்று தெரியும். அதனால் யாரும் என்னைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு, ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த சமயத்தில், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லையே என்று நான் நிம்மதியாக இருந்தேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவள் சும்மா விடவில்லை. "வலிக்கலன்னாதான்மா உடனே காட்டணும்" என்று அன்று சாயங்காலமே இழுத்துக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் ஒரு மாதம் நாங்கள் கடையில் இருந்ததைவிடப் பரிசோதனைக் கூடங்களில் இருந்ததே அதிகம். மேமோகிராம், ஊசி போட்டுச் சதை எடுத்து ஒரு சோதனை, பிறகு உடம்பு முழுவதற்கும் ஒரு ஸ்கேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுண்டர். ஒவ்வொரு கவுண்டரிலும் பணம் கட்டிவிட்டு வந்து உட்காரச் சொன்னார்கள். புற்றுநோய்தான் என்று டாக்டர் வாய்விட்டுச் சொல்வதற்குள், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்தது கரைந்துவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. தரை கண்ணாடி மாதிரி இருக்கும். காப்பிக் கடை உள்ளேயே உண்டு. டாக்டரைப் பார்த்த பிறகு எங்களை மாடியில் சோபா போட்ட ஓர் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே கோட் போட்ட ஒரு பெண், என் மகளைவிட நாலைந்து வயது பெரியவள், மிகவும் கனிவாகப் பேசினாள். அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பேக்கேஜ் என்றாள். தொகையையும் சொன்னாள். கடையில் மூன்று வருஷம் உழைத்தால் எங்கள் கையில் மிஞ்சுவதைவிட அது அதிகம்.

"இது ஒரு எஸ்டிமேட்தான் மேம். முன்னப்பின்ன ஆகலாம்."

பின்னே ஆனதாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. வங்கி மூலமாக எடுத்து வைத்திருந்த இன்சூரன்ஸ் அதில் கால்வாசிக்குக் காணாது. அரசாங்கக் காப்பீட்டு அட்டைக்கு விசாரித்தால் எங்கள் வருமானம் அதிகமாம். அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் வருமானம் ரொம்பக் குறைச்சலாகத் தெரிந்தது. என் கணவர் தொகையைக் கேட்டு ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை.

"பண்ணிருங்கம்மா. என்னென்ன உண்டோ எல்லாத்தையும் பண்ணிருங்க" என்றார்.

அவர் எங்கிருந்து பண்ணப்போகிறார் என்பது அடுத்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் அவர் சொல்லித் தெரியவில்லை. காலையில் கடையைத் திறந்து துணிக் கட்டுகளைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அளக்கிற டேப்பும் கையுமாக ஓர் ஆள் உள்ளே வந்தார்.

"அக்கா, கொஞ்சம் அப்டி ஒத்திக்கோங்க. இந்த மூலைலேர்ந்து அளந்துக்கினு போய்டறேன்."

"எதுக்குப்பா அளக்குற?"

"பக்கத்துக் கட ஓனரு அனுப்ச்சாருக்கா. நடுவுல கீற செவுத்த இட்ச்சா ரெண்டு கடையும் ஒன்னாய்டும்ல. இன்னாக்கா, சாரு உங்களாண்ட ஒன்னியும் சொல்லலியா?"

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. டேப்பைச் சுருட்டப் போனார். அவர் என்ன செய்வார் பாவம். "பரவாயில்ல, வந்த வேலையைப் பாருப்பா" என்று விலகி நின்றேன். நான் இருபது வருஷத்துக்கு மேல் நின்ற இடத்தை அவர் குனிந்து அளந்துகொண்டு போனார். எனக்கு நோய் என்று கேட்ட அன்றுகூட நான் அப்படி ஆடிப்போகவில்லை.

என் கணவர் சரக்கு எடுக்க மொத்த வியாபாரக் கடைக்குப் போய்விட்டு மதியம் வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னேன். சாப்பாட்டுக் கூடையைத் திறக்காமலே கேட்டேன்.

"கடையை விலை பேசிட்டீங்களா?"

அவர் மேஜை விசிறியின் திசையைச் சரிசெய்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பேசல. கேட்டேன். அவரு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்காரில்லா."

"வித்துட்டு?"

"வித்துட்டு உனக்கு வைத்தியம் பாப்போம். வேற என்னத்துக்கு விக்கிறாங்க?"

"பாத்து நான் பிழைச்சு வந்தா, எங்க வந்து உக்காருவேன்? நாம எதை வச்சுச் சாப்பிடுவோம்? பிள்ளைக்குப் படிப்பு முடியல."

"ஏளா, கடை போனா இன்னொரு கடையில சம்பளத்துக்கு நிப்பேன். எங்கப்பா நிக்கலையா? நீ போனா நான் என்ன செய்ய?" அவர் குரல் அங்கே உடைந்தது. "நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிட்டுன்னா, இந்தப் பய காசைப் பாத்துக்கிட்டு இருந்துட்டான்னு ஊர்க்காரன் சொல்ல வேண்டாம், நானே என்னைச் சொல்லிக்கிடுவேன்."

அவர் அழுது நான் அதற்குமுன் பார்த்தது மாமனார் போன அன்றுதான். எனக்கும் கோபம் போய்விட்டது. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அன்பைச் சொல்லத் தெரியாது. செலவு செய்யத் தெரியும். தங்கைக்கு நகை, மகளுக்குச் சீர், அப்பாவுக்குப் பதினாறாம் நாள் சாப்பாடு. எனக்கு இந்த பேக்கேஜ். அவர் என்னிடம் சொல்ல நினைத்ததெல்லாம் அந்தத் தொகையில் இருந்தது.

"செலவே பண்ண வேண்டாம்னு சொல்லலைங்க" என்றேன். "எங்க பண்ணணும்னு நாலு இடம் கேட்டுட்டுப் பண்ணுவோம். ஒரு புடவை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குறாங்க. எனக்குப் பத்து நாள் டைம் குடுங்க. அதுவரை யார்கிட்டயும் கையெழுத்துப் போடாதீங்க."

சரி என்று தலையாட்டினார். அன்று இரண்டு பேரும் தயிர் சாதத்தை மட்டும் சாப்பிட்டோம்.

யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வாயும் வரவில்லை. வாடிக்கையாளர்கள் யாரிடமும் நான் நோயைப் பற்றி மூச்சுவிட்டிருக்கவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மயிலாப்பூரிலிருந்து வழக்கமாக வரும் ஒரு மாமி வந்தார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அரக்குக் கலர் பட்டு ஒன்றை விரித்து வைத்தார். அதற்கு வேண்டிய துணி மேல் தட்டில் இருந்தது. எட்டி எடுக்கப் போனபோது, ஊசி போட்ட இடம் சுரீர் என்று இழுக்க, கையைக் கீழே போட்டுவிட்டேன்.

"என்னடிம்மா, கையைத் தூக்க முடியலையா?"

"ஒன்னுமில்ல மாமி" என்று ஆரம்பித்தேன். ஏனோ, அதற்கு மேல் பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமி பட்டுப் புடவையை நிதானமாக மடித்துப் பையில் வைத்தார்.

"நேக்குப் பன்னண்டு வருஷமாச்சு" என்றார்.

"எது மாமி?"

"இதேதான். நீ கவனிச்சதில்லையா? அதுக்கு முன்னாடி உன்கிட்ட எம்பது சென்டிமீட்டர் வாங்கிண்டிருந்தேன். அப்புறம் ஒரு மீட்டர். கொஞ்சம் தொளதொளன்னு தெச்சுக்கணுமோல்லியோ."

ஆமாம், ஒரு மீட்டர்தான் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். வயதாகிறது, உடம்பு போடுகிறது என்று நினைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் உயிரோடு, நவராத்திரிக்கும் கல்யாணங்களுக்கும் துணி எடுக்க வந்துகொண்டு, என் கண்ணெதிரிலேயே ஒருவர் இருந்திருக்கிறார். எனக்கு முதன்முதலாகத் தைரியம் வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

"எங்க மாமி பாத்தீங்க?"

"அடையார்ப் பக்கம். ஒரு ட்ரஸ்ட் நடத்தறா. இல்லாதவாகிட்ட வாங்க மாட்டா. இருக்கறவாகிட்ட வாங்குவா. நம்மளாட்டம் நடுவுல இருக்கறவாள உக்கார வெச்சு விசாரிச்சு, முடிஞ்சதை வாங்கிப்பா. கூட்டம் இருக்கும், காத்துண்டிருக்கணும். வார்டுல ஏசி கெடையாது. ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கு, அது போறாதா?"

இருவரும் சிரித்துவிட்டோம்.

என் கணவர் சிரிக்கவில்லை. பணம் குறைவாக வாங்கினால் வைத்தியமும் குறைவாகத்தான் இருக்கும் என்று அவர் மனதில் இருந்தது. பெருங்குடியில் மகன் வீட்டில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு விஷயம் போனதும் உடனே போன் வந்தது. ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது.

"உன் பொண்டாட்டிய தர்மாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போப்போறியால? நம்ம குடும்பத்துல அவ்வளவுக்கா ஆயிப்போச்சு? என் வளையலைக் கழட்டித் தாரேன், கொண்டுபோய் வை!"

மதினி சும்மா பேசுகிறவர் இல்லை. அன்று மாலையே வளையல்களை ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். அந்த மனதை நான் எப்படி மறுப்பது? வாங்கி வைத்துக்கொண்டு, "மதினி, ஒரே ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுவோம். நீங்களும் வாங்க" என்றேன்.

நான் கேட்க நினைத்தது அந்தத் தனியார் மருத்துவமனை டாக்டரைத்தான். மூன்று பேருமாகப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தோம். அமைதியான மனிதர், எதையும் இரண்டு முறை விளக்குவார். பயத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"டாக்டர், உங்க கூடப்பிறந்த அக்காவுக்கு இது வந்து, அவங்க வீட்டுல ஒரு சின்ன கடை மட்டும்தான் வருமானம்னா, அவங்கள எங்க போகச் சொல்லுவீங்க?"

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "எந்த இடத்தை யோசிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"நான் அங்க ட்ரெய்னிங் எடுத்தவன்மா" என்றார். "அங்க கத்துக்கிட்டதைத்தான் இங்க வந்து செய்யறேன். மருந்து அதே மருந்து. ரூம் மாறும், காத்திருக்கிற நேரம் மாறும். ஆனா ஒன்னு. லேட் பண்ணாதீங்க. அலைச்சலா இருக்கேன்னு பாதியில நிறுத்திடாதீங்க. இங்க நிறைய பேர் பணம் தீர்ந்துபோய்ப் பாதியில நிறுத்தறாங்க. எனக்கு அதுதான் பயம்."

அங்கேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் மதினி, "இவரே சொல்லிட்டாருன்னா பெறவென்ன?" என்றார். லிஃப்டில் என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மதினி கூட இருக்கும்போது அவர் அப்படிச் செய்வது அதுதான் முதல் தடவை.

அடையாறில் கூட்டம் மாமி சொன்னதைவிட அதிகமாகவே இருந்தது. ஆந்திராவிலிருந்து, வேலூர்ப் பக்கத்திலிருந்து, இன்னும் எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். பெஞ்சுகள் நிறைந்து மரத்தடியிலும் ஆட்கள். காலையில் போனால் சில நாள் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்பினோம். வீடு கோட்டூர்புரத்தில் இருந்ததால் எங்களுக்குப் போக்குவரத்து கஷ்டமில்லை. அதற்காக எத்தனையோ முறை கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அங்கே ஒரு பெண் அதிகாரி எங்களை உட்கார வைத்துக் குடும்ப நிலவரத்தை விசாரித்தார். என் கணவர் கடை, வீடு, மகள் படிப்பு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். எங்களால் முடிகிற ஒரு தொகையை அவர்கள் நிர்ணயித்தார்கள். வெளியே வாங்க வேண்டிய மருந்தும் இருந்தது. ஒரு சீட்டை எடுத்தோம், என் செயினை அடகு வைத்தோம். மதினியின் வளையல் மதினி கைக்கே போனது. பக்கத்துக் கடைக்காரரிடம் என் கணவரே போய், இப்போதைக்கு எண்ணமில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கை இறுகிவிடாமல் இருக்க, சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே மேலே ஏற்றச் சொன்னார்கள். நான் அதைக் கடையில் துணித் தட்டுகளில் செய்தேன். முதல் வாரம் கீழே இருந்த பாப்ளின் தட்டுதான் எட்டியது. நான் இல்லாத நேரத்தில் மகள் கல்லூரி முடிந்து வந்து கடையைப் பார்த்தாள். கிளிப்பச்சைக்கு இலைப்பச்சையைக் கொடுத்து அனுப்புவாள். அடுத்த நாள் நான் மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுப்பேன்.

கீமோ ஆரம்பித்ததும் முடி கொட்டியது. எல்லோருக்கும் கொட்டும் என்று தெரிந்ததுதான். ஆனாலும் தலையணையில் பார்த்தபோது மனசு என்னவோ செய்தது. கட்டிக்கொள்ள ஒரு துப்பட்டா எடுத்தேன். சிந்தெடிக், வழுக்கிக்கொண்டே போனது. வெயிலில் அரித்தது. மறுநாள் கடையில் மல் என்கிற மெல்லிய பருத்தித் துணியில் ஒரு துண்டு கிழித்து, என் புடவைக்குச் சேர்கிற மாதிரி வெளிர் ஊதாவில், எதிர்க்கடை டெய்லரிடம் ஓரம் அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். காற்றுப் புகுந்தது, நழுவவில்லை. முக்கியமாக, கண்ணாடியில் பார்க்கும்போது நோயாளி மாதிரி இல்லை.

அடுத்த தடவை மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருங்குடியில் ஏதோ ஐடி ஆபீஸில் துப்புரவு வேலை. அதற்குமுன் இரண்டு தடவை பார்த்துப் பழக்கம்.

"இன்னாக்கா, பொடவைக்கு மேச்சா கட்டிக்கினு வந்துகீற! எங்க வாங்கன?"

"எங்க கடைத் துணிதான்."

"எனக்கும் ஒன்னு கெடைக்குமா? பக்கத்து வூட்டுப் பசங்க என்னியப் பாத்தா பயந்துக்குதுங்க."

"அடுத்த வாட்டி என்ன புடவை கட்டுவ?"

அந்த வார்டில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது. "மயிலு கழுத்துக் கலர்ல ஒன்னு கீதுக்கா. நல்ல நாளுக்குக் கட்றது. அத்த கட்டிக்கினு வரேன்" என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கட்டிக்கொண்டு, கைப்பேசியில் தன்னைப் பார்த்து, "சூப்பராகீது" என்று சொன்னதை அந்த வரிசையே கேட்டது. பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். முதலில் சும்மாதான் கொடுத்தேன். ஒரு அம்மா வாங்க மறுத்தார். காசு வாங்கினால்தான் கட்டுவேன் என்றார். அப்புறம் துணி விலையும் தையற்கூலியும் மட்டும் வாங்கினோம். முடியாதவர்களிடம் அதுவும் இல்லை.

இதில் நான் எதிர்பார்க்காதது என் கணவர். ஆண்கள் உள்ளே வர முடியாது என்பதால் அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஆரம்பத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நாளிதழை முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பார். இப்போது அவரே மற்றவர்களிடம் பேச்சுக் கொடுத்து, அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டு வர ஆரம்பித்தார். வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் எனக்கு விவரம் சொல்வார்.

"அந்த விழுப்புரத்துக்காரர் சம்சாரத்துக்கு ஒரு மாதிரி நீலம் வேணுமாம்."

"என்ன நீலம்?"

"நீலம்னா நீலம்தான். வானம் மாதிரின்னாரு."

"காலை வானமா, மத்தியான வானமா?"

"அடுத்த வாட்டி கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே கேட்டுக்கொண்டு வந்தார்.

வாந்தியும் சோர்வுமாகப் படுத்துக் கிடந்த நாட்களும் இருந்தன. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். மதினி பெருங்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்து புழுங்கலரிசிக் கஞ்சி வைத்துக் கொடுப்பார். ஒரு நாள் மருத்துவமனைக்கும் என்கூடத் துணைக்கு வந்தார். மாலை வரை பெஞ்சில் இருந்துவிட்டு, "சுத்தமாத்தான் வச்சிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். மதினியிடமிருந்து அது பெரிய வார்த்தை.

ரேடியேஷனும் முடிந்து ஒரு வருஷம் கழித்துப் பரிசோதனை செய்தார்கள். நோயின் சுவடு எதுவும் தெரியவில்லை, ஆனால் தொடர்ந்து வர வேண்டும் என்றார்கள். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை போகிறேன். போகும் நாளுக்கு முந்தைய வாரம் தூக்கம் கெடத்தான் செய்கிறது. சீட்டுப் பணம் கட்டி முடிந்துவிட்டது. செயின் இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தது. மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். முதல் மாதச் சம்பளத்தில் எங்கள் மூவருக்கும் நல்லதாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்தாள். என் நோயைப் பற்றி எதையும் ஒளிக்காமல் எழுதியதால் எனக்குப் பிரீமியம் கூடுதல். கட்டிவிட்டாள்.

வீட்டில் இன்னொரு மாற்றமும் வந்தது. தனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லியே ஐம்பத்தைந்து வயது வரை டாக்டர் பக்கம் தலைவைத்துப் படுக்காத என் கணவர், ஒரு நாள் யாரும் சொல்லாமலே எங்கள் பகுதி மாநகராட்சி சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு வந்தார். இரண்டுமே எல்லையில் நிற்கிறதாம். மாத்திரை அங்கேயே கொடுக்கிறார்கள். தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"முன்னாடியே தெரிஞ்சது நல்லதாப் போச்சு" என்று மாத்திரைப் பட்டையை மேஜையில் வைத்தார். "இதுக்கு ஒத்த பைசா வாங்கல, தெரியுமா? அந்த நர்ஸம்மா திட்டினதுதான் செலவு."

இப்போது காலையில் இருவரும் கோட்டூர்புரத்தில் நூலகம் இருக்கும் தெருப் பக்கம் நடக்கப் போகிறோம். அவர் வேகமாக நடப்பார். கொஞ்ச தூரம் போனதும் நின்று, நான் வந்து சேரும்வரை, காலணி வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வார்.